அண்ணனுக்கு ஐந்தடி

என் அண்ணன் எனக்குப் பதினைந்து நிமிடம் மூத்தவன். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். பதின்மூன்று வயதுவரை எங்களைப் பின்னாலிருந்து பார்த்தால் ஒன்று பாவாடை கட்டியிருக்கும், மற்றது கால்சட்டை போட்டிருக்கும், வேறு வித்தியாசம் தெரியாது என்பார்கள். பதின்மூன்றரையில் நான் வயதுக்கு வந்தேன். அடுத்த பத்து மாதத்தில் அவனைவிட அரை அடி உயர்ந்துவிட்டேன். அவன் இருந்த இடத்திலேயே நின்றான்.

அண்ணன் கடலுக்குப் போகக்கூடியவனாக இருந்திருந்தால் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ராயபுரத்தில் எங்கள் குப்பத்தில் குள்ளமானவர்கள் நிறைய. கட்டுமரம் யாருடைய உயரத்தையும் கேட்பதில்லை. ஆனால் அண்ணனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. நைனா அவனை மூன்று தடவை கூட்டிப் போனார். மூன்று தடவையும் அலை உடையும் இடத்தைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தான். முதல் இரண்டு தடவை கடலில் எடுத்தான். மூன்றாவது தடவை நைனாவின் மேல்.

"இவன இட்டுகினு போறதுக்கு ஒரு மூட்ட மண்ண இட்டுகினு போலாம்," என்றார் நைனா, தலையைக் கழுவிக்கொண்டே. "மண்ணு வாந்தி எடுக்காது."

அம்மா தெருத்தெருவாக மீன் விற்பவள். பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு இரும்புப் பட்டறையின் வாசலில் அவளுக்கு நிரந்தர வாடிக்கை உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை, ஆனி மாதத்தில், அங்கே பையன்களை வேலை பழக எடுப்பார்கள் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். எட்டாவது தேறியிருக்க வேண்டும். வயது பதினாறைத் தாண்டக் கூடாது. உயரம் ஐந்தடி இருக்க வேண்டும். அண்ணன் எட்டாவது தேறியிருந்தான். வயது பதினான்கு. மூன்றாவது நிபந்தனைதான் எங்கள் வீட்டில் ஒன்றரை வருஷம் அடுப்பை அணையாமல் வைத்திருந்தது.

அம்மா முதலில் தனக்குத் தெரிந்த வழியில் போனாள். நான் வயதுக்கு வந்தபோது எனக்கு உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை, புட்டு என்று பதினாறு நாள் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் நான் வளர்ந்தேன். ஆகவே நான் வளர்ந்ததற்குக் காரணம் உளுந்தங்களி. ஆகவே அண்ணனுக்கும் உளுந்தங்களி. அம்மாவின் கணக்கில் ஓட்டை இருந்ததாக அன்று எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை எதிர்வீட்டு அத்தை வாசலில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாமே, உளுந்து வறுக்கிற வாசன வருது? உனுக்கு ஒரு பொண்ணுதான?"

"பையனுக்குக் கிண்டறேன்."

"அடிப்பாவி! உம் புள்ள எப்ப வயசுக்கு வந்தான்? ஒரு வார்த்த சொல்லல. பந்தல் போட்டுருப்பமே!"

"வாய மூடிகினு போமே."

"தாய்மாமன் சீர் கொண்டாந்தாரா? மஞ்சத் தண்ணி என்னிக்கி?"

அண்ணன் களியைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றான். அன்று மாலைக்குள் குழாயடியில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அவனோடு கோலி ஆடுகிற பையன்கள் அவனைக் கண்டதும் குலவை போட்டார்கள். களி பத்தாம் நாளோடு நின்றது. மீதி உளுந்தில் அம்மா வடை சுட்டாள்.

அடுத்து அம்மா எங்கள் பக்கத்து இலவச ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு கம்பவுண்டர் இருந்தார். மெலிந்த ஆள், பொறுமைசாலி, வருகிறவர்களுக்குச் சத்துகளைப் பற்றிச் சொல்வதில் பிரியம் உள்ளவர். அவருடைய மேஜைக்குப் பின்னால் பழங்களும் காய்களும் வரைந்த ஒரு படம் தொங்கியது. அதில் இருந்த ஆப்பிளை நாங்கள் நேரில் பார்த்ததில்லை.

"வளர்ற வயசும்மா இது," என்றார். "எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும்."

"வெத்தலப் பொட்டில கீது சார்."

"அது இல்லம்மா. கேழ்வரகுல இருக்கு. நெத்திலிய முள்ளோட தின்னா அதுல இருக்கு. அப்புறம் ரத்தத்துக்கு இரும்புச் சத்து."

"பட்டறைக்குப் போறவன். இரும்பு வேணும்தான்."

"முருங்கைக் கீரை, ஆட்டு ஈரல், சுவரொட்டி. கழுத்துல இருக்கிற சுரப்பிக்கு அயோடின் வேணும், அது கடல் மீன்ல இருக்கு, உங்களுக்குக் கவலையில்ல. அப்புறம் ஏ, டி-ன்னு ரெண்டு உயிர்ச்சத்து. டி இருந்தாத்தான் சுண்ணாம்பு எலும்புல ஒட்டும். ரெண்டும் மீன் எண்ணெய்ல இருக்கு. எங்ககிட்ட இப்ப இருப்பு இல்ல. நீங்க சுறா ஈரல்ல காய்ச்சிக்கலாம். தினம் ஒரு ஸ்பூன் போதும்."

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தத் தெருவில் எந்த வீட்டுக்காரி எப்போது என்ன மீன் கேட்டாள் என்பதை வருஷக்கணக்காகத் தலையில் வைத்திருப்பவள். கம்பவுண்டர் சொன்னதில் ஒரு பொருள் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கேழ்வரகுக் கூழ் காலையில். முருங்கைக் கீரை மத்தியானம். வண்ணாரப்பேட்டை பாய் கடையில் மீனைக் கொடுத்துச் சுவரொட்டி வாங்கினாள். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். நெருப்பில் சுட்டு மிளகு தூவினால் நன்றாக இருக்கும். முகத்துவாரக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட சின்னம்மா, எண்ணூர்க் கழிமுகத்துப் பாறையில் ஒட்டியிருக்கும் ஆளியைப் பெயர்த்து, சிப்பியோடு ஓலைப் பெட்டியில் கொடுத்தனுப்பினாள். ஆளியை யாரும் சிபாரிசு செய்யவில்லை. அண்ணனை வளர்க்க ஏதாவது செய்ய வேண்டும் என்று சின்னம்மாவுக்கும் ஆசை.

கடைசியாகச் சுறா ஈரல் வந்தது. அம்மா அதைச் சட்டியில் போட்டுக் காய்ச்சிய அன்று தெருவில் நாய்கள் இடம் மாறிப் படுத்தன.

"இது படவுக்குப் பூசற எண்ணெய்மே," என்றார் நைனா. "கட்ட உளுத்துப் போவாம இருக்கப் பூசறது. அதப் புள்ளைக்கு ஊத்துறியா?"

"படவே இருவது வருசம் நிக்குது. புள்ள நிக்க மாட்டானா?"

நைனா வெளியே போய் பீடி பற்றவைத்தார்.

இவ்வளவு ஏற்பாட்டிலும் அம்மா ஒன்றை விசாரிக்க மறந்துவிட்டாள். அண்ணன் எதையும் சாப்பிட மாட்டான். அவன் விரும்பிச் சாப்பிட்டவை ரேஷன் அரிசிச் சோறு, டீ, டீயில் நனைக்கும் வருக்கி. கீரையைப் பார்த்தால் முகத்தைத் திருப்புவான். ஆளி கண்ணைத் திறந்து பார்க்கிறது என்பான். ஆளிக்குக் கண் இல்லை என்று நான் சொன்னதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

அம்மா விடியும்முன் மீன் எடுக்கக் கரைக்குப் போய்விடுவாள். போவதற்குமுன் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, எண்ணெயை டம்ளரில் ஊற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் தெருமுனை திரும்பியதும் அவன் டம்ளரை என் பக்கம் நகர்த்துவான்.

"குடிடி."

"இன்னா குடுப்ப?"

"இன்னா வேணும்?"

"ஆறு கொடம் தண்ணி."

குழாயடி அரை பர்லாங்கு. காலையில் ஆறு குடம் தண்ணீர் கொண்டுவருவது என் வேலை. எண்ணெய் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூக்கைப் பிடித்து ஒரு வாயில் விழுங்கி, வெல்லத்தைக் கடித்துக்கொண்டால் முடிந்துவிடும். ஆறு குடம் அப்படி முடியாது. சுவரொட்டிக்கும் ஆளிக்கும் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவை எனக்குப் பிடித்தவை.

ஒப்பந்தம் அன்றே அமலுக்கு வந்தது. பதினான்கு வயதுப் பையன் இடுப்பில் குடம் வைத்துக் குழாயடியில் வரிசையில் நின்றான். எதிர்வீட்டு அத்தை சும்மா இருப்பாளா?

"நான்தான் சொன்னேனே, வயசுக்கு வந்துட்டான்னு. பாரு, கொடத்த இன்னா அழகா இடுப்புல வச்சிகினு கீறான்!"

அம்மாவுக்கு மட்டும் பூரிப்பு. "எண்ணெய் வேல செய்யுது," என்று நைனாவிடம் சொன்னாள். "வெரலு கூட அசைக்காதவன், இன்னிக்கி ஆறு கொடம் தண்ணி மொண்டாந்து ஊத்தறான். புள்ளைக்குப் பொறுப்பு வந்துகினு கீது."

பின்னாளில் பத்திரிகையில் வேலை பார்த்தபோது சுகாதாரப் பக்கம் சில வருஷம் என் கைக்கு வந்தது. கீரை சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையின் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்று ஒரு கட்டுரையில் திருத்தம் போட்டேன். ஆளியில் துத்தநாகம் நிறைய இருக்கிறது, பையன்கள் வளரவும் குரல் உடையவும் அது வேண்டும் என்று இன்னொன்றில். சின்னம்மா இதை எப்படித் தெரிந்துகொண்டாள் என்று கேட்க அப்போது அவள் இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எப்படியானாலும் அத்தனை ஆளியையும் தின்றவள் நான். நான் வளர்ந்ததற்கு அதுதான் காரணம் என்றும் எழுத முடியாது. பெண்பிள்ளைகள் ஒன்றிரண்டு வருஷம் முந்தி வளர்வது இயல்பு. அந்த இயல்பான விஷயம் எங்கள் குப்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை, கம்பவுண்டரை யாரும் கேட்கவுமில்லை.

பங்குனி பிறந்ததும் அம்மாவுக்கு அண்ணனை அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அளப்பதற்கு எங்கள் குப்பத்தில் ஒருவர்தான். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா. கடலில் ஆழம் பார்க்கக் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி விடுவார்கள். அந்தக் கயிற்றில் பாகத்துக்கு ஒரு துணிமுடிச்சு இருக்கும். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை ஒரு பாகம். ஒரு பாகம் ஆறடி என்று துறைமுகத்தில்கூடச் சொல்வார்கள். குப்பத்தின் எல்லாக் கயிற்றுக்கும் முடிச்சுப் போட்டவர் மாமா. அவருடைய முடிச்சை நம்பித்தான் இருட்டில் பாறைக்கு இந்தப் பக்கம் வலை போடுவதா அந்தப் பக்கம் போடுவதா என்று முடிவு செய்வார்கள். ஒருநாளும் தப்பியதில்லை.

மாமா புதுக் கயிறு எடுத்தார். கையை விரித்து ஒரு பாகம் பிடித்தார். அதை ஆறாக மடித்து, மடிப்புக்கு ஒரு சிவப்பு நூல் கட்டினார். அடிக் கயிறு தயார். அண்ணனைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, கயிற்றைக் காலடியில் மிதிக்கச் சொல்லி, மேலே இழுத்தார்.

"அஞ்சடிக்கு ஒரு ரெண்டு வெரல் கம்மி," என்றார். "ஆனிக்குள்ள வந்துரும்."

அம்மா அண்ணனை முத்தமிட்டாள். அடுத்து என்னை நிறுத்தினார்கள். ஐந்தடி ஆறு அங்குலம் வந்தது. அம்மா கயிற்றை இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னாள். மறுபடியும் அதே அளவு வந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். இந்த உயரத்துக்கு மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்பது அவள் கவலை.

அந்தக் கவலை அரைமணி நேரம்தான் நீடித்தது. ஏனென்றால் நைனாவும் நின்று பார்த்தார். ஐந்தடி பத்து அங்குலம். நைனா மீசையைத் தடவினார். வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டி வந்தார். அவருக்கு ஐந்தடி ஒன்பது. பிறகு தெருவே வரிசையில் நின்றது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் குப்பத்து ஆண்கள் ஆளுக்கு ஏறக்குறைய அரை அடி வளர்ந்தார்கள். மாமா கடைசியாகத் தன்னை அளக்கச் சொன்னார். சரியாக ஆறடி. அவருடைய கயிற்றுக்கு அவர் ஆறடிதான் இருக்க முடியும். ஒரு மனிதனின் பாகம் ஏறக்குறைய அவன் உயரம்தான்.

எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து மர ஸ்கேலை எடுத்து, மாமாவின் சிவப்பு நூலுக்கும் அடுத்த சிவப்பு நூலுக்கும் நடுவே வைத்தேன். பதினொரு அங்குலம் இருந்தது. எல்லா மடிப்பும் பதினொன்றுதான். அந்த விஷயத்தில் மாமா துல்லியமானவர்.

"மாமா, ஒரு அடிக்குப் பன்னெண்டு அங்குலம். இதுல பதினொண்ணுதான் கீது."

மாமா ஸ்கேலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யார் குடுத்தது?"

"இஸ்கூல்ல."

"கவருமெண்டு இஸ்கோலா?"

"ஆமா."

"அதான். கவருமெண்டு அடி அது. கட்டைல பண்ணது, ஊறி நீண்டு பூட்டுருக்கும். இது கடல் அடி. இத்த நம்பி அம்பது மரம் கடலுக்குப் போயிட்டுத் திரும்பி வருது. உன் இஸ்கேல நம்பி எந்த மரம்மா போச்சு?"

எந்தக் கட்டுமரமும் போகவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மாமாவின் பாகம் குட்டை என்பதால் கடலில் ஒரு கெடுதலும் இல்லை. எல்லோரும் அதே குட்டைப் பாகத்தில்தான் பாறையை ஞாபகம் வைத்திருந்தார்கள். பாறை அதை எதிர்த்து மனுக் கொடுக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அண்ணன்மேல் எனக்குப் பொறாமை என்றாள்.

சித்திரையில் எனக்குத் தலைவலி வந்தது. உதடு வெடித்தது. உள்ளங்கையில் தோல் உரிந்தது. அம்மா எங்கள் இருவரையும் கம்பவுண்டரிடம் கூட்டிப் போனாள். அண்ணனைக் காட்டிப் பாராட்டு வாங்குவதும் அவள் நோக்கம்.

கம்பவுண்டர் என் உதட்டைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"மீன் எண்ணெய் குடிக்கிறியா?"

"அவ இல்ல சார்," என்றாள் அம்மா. "அவன்தான் குடிக்கிறான்."

"தலைவலி யாருக்கு?"

"இவளுக்கு."

"எண்ணெய் அவன் குடிக்கிறான், தலைவலி இவளுக்கு?"

"ரெட்டப் புள்ளைங்க சார். அவன் குடிச்சா இவளுக்கு எறங்குது போல. அதான் இவ மட்டும் வளர்ந்துகினே போறா."

கம்பவுண்டர் பேனாவை மூடி வைத்தார். கொஞ்ச நேரம் சுவரில் இருந்த ஆப்பிளைப் பார்த்தார்.

"நான் ஒரு ஸ்பூன் சொன்னேன். எவ்வளவு பெரிய ஸ்பூன்?"

அம்மா கையை விரித்துக் காட்டினாள். எங்கள் வீட்டில் ஸ்பூன் கிடையாது. குழம்புக் கரண்டிதான்.

"ஐயோ," என்றார் கம்பவுண்டர். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "யாரு குடிச்சது? உண்மையைச் சொன்னா ஊசி கிடையாது."

நான் கையைத் தூக்கினேன். ஏ, டி இரண்டும் சிறுநீரில் போகாது, ஈரலில் தங்கிவிடும், அளவு மிஞ்சினால் சத்தே விஷமாகும் என்று அவர் அம்மாவுக்கு விளக்கினார். எனக்கு எண்ணெயை அடியோடு நிறுத்தச் சொன்னார். அண்ணனுக்கு வாரத்தில் இரண்டு நாள், இந்த அளவு என்று ஒரு சின்ன ஸ்பூனையே கொடுத்தனுப்பினார். அம்மா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. வாசலுக்கு வந்ததும் அண்ணனைத் திருப்பி நிறுத்தினாள்.

"அப்ப நீ தண்ணி மொண்டாந்தது?"

"அதுக்குத்தாம்மா."

"பொறுப்பு இல்லியா?"

"இல்லம்மா."

எண்ணெயைவிட இதுதான் அவளைப் பாதித்தது. வீட்டுக்கு வந்து இருவரையும் ஒரே துடைப்பத்தால் அடித்தாள். மறுநாளிலிருந்து மீன் எடுக்கப் போகுமுன் அண்ணன் எதிரில் உட்கார்ந்து, அவன் மென்று விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நகரவில்லை. கரையில் நல்ல மீன் எல்லாம் மற்றவர்களுக்குப் போயிற்று. ஆனி வரை நாங்கள் காரப்பொடி, கவலை என்ற மலிவு மீன்களைத்தான் விற்றோம்.

தேர்வுக்கு முந்தின நாள் மாமா கயிறு பிடித்தார். ஐந்தடிக்கு மேல் அரை விரல். அம்மா அண்ணன் தலையைச் சுற்றி உப்பும் மிளகாயும் போட்டாள்.

பட்டறை வாசலில் முப்பது பையன்கள் நின்றார்கள். நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம்: அண்ணன், அம்மா, நான், தோளில் கயிற்றோடு மாமா. உள்ளே ஒரு குமாஸ்தா, பக்கத்தில் உயரம் பார்க்கும் இரும்புக் கம்பி. அண்ணன் ஏறி நின்றான். குமாஸ்தா தகட்டை அவன் தலைக்கு இறக்கினார். இறங்கிக்கொண்டே போயிற்று.

"நாலடி ஏழரை. அடுத்த ஆள்."

"இன்னா சார் சொல்ற?" அம்மா கூடையை இறக்கி வைத்தாள். "நேத்துதான் அஞ்சடி இருந்தான்!"

"நேத்து இருந்தானோ என்னவோ. இன்னிக்கி நாலு ஏழரை."

"உங்க கம்பி தப்பு," என்றார் மாமா. யாரும் தடுப்பதற்குள் முன்னே போய், கம்பியின்மேல் தன் கயிற்றை வைத்து அளந்தார். பிறகு குமாஸ்தாவின் பக்கம் திரும்பி, தகராறு செய்யாத குரலில் சொன்னார். "அடிக்கு ஒரு அங்குலம் ஜாஸ்தி கீது சார். யாரோ உன்ன ஏமாத்திட்டான்."

வரிசையில் நின்ற முப்பது பையன்களில் இருபத்தைந்து பேர் ஐந்தடி இல்லாதவர்கள். அவர்கள் கை தட்டினார்கள். "ஆமா சார், கம்பி தப்பு சார்!" என்று குரல் எழும்பியது. ஒருவன் மாமாவிடம் தன்னையும் கயிற்றில் அளக்கச் சொன்னான்.

குமாஸ்தா எழுந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "உங்க உயரம் என்னய்யா?" என்று கேட்டார்.

"ஆறடி."

"ஏறி நில்லுங்க."

மாமா செருப்பில்லாத காலைத் துடைத்துவிட்டு ஏறி நின்றார். தகடு இறங்கியது. குமாஸ்தா உரக்கப் படித்தார். "அஞ்சடி ஆறு."

கைதட்டல் நின்றது. மாமா கம்பியிலிருந்து இறங்கினார். உள்ளே ஆறடியாக வந்தவர் வெளியே ஐந்தரை அடியாகத்தான் போக வேண்டியிருந்தது. ஆனால் அவர் தோற்ற முகம் காட்டவில்லை. "நெலத்துல அப்படித்தான் வரும்," என்று மட்டும் சொன்னார்.

அம்மா இன்னும் விடவில்லை. என்னைப் பிடித்துக் கம்பியில் நிறுத்தினாள். "அப்ப இவளப் பாருங்க சார்."

"அஞ்சடி ஒண்ணரை," என்றார் குமாஸ்தா.

"அஞ்சடி கீதுல்ல? ரெட்டப் புள்ளைங்கதான் சார். எடுத்துக்க."

"பொண்ணை எடுக்க மாட்டாங்கம்மா."

"ரெண்டு பேரும் ஒரே வயித்துல, ஒரே நாள்ல!"

"அடுத்த ஆனிக்குக் கூட்டிட்டு வாங்கம்மா," என்றார் குமாஸ்தா, என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்து. "அப்பவும் பதினாறு தாண்டாது. பையன் வளருவான்."

அண்ணன் வீடு வரும்வரை அழவில்லை. வீட்டுக்கு வந்து, கதவை மூடி, கேழ்வரகுக் கூழைத் தானாகவே எடுத்துக் குடித்தான். நான் பார்த்தவரையில் யாரும் சொல்லாமல் அவன் கூழ் குடித்தது அதுதான் முதல் தடவை. இனி ஒரு வருஷம்தான் இருக்கிறது. அதற்குள் ஐந்தடி வராவிட்டால் அவன் நைனாவோடு கடலில்தான் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதை அன்றுதான் அவன் உண்மையாகவே நம்பினான் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் அவனை அளக்கக் கூடாது என்று அம்மா தடை போட்டாள். மாமா கயிற்றைத் தொடவில்லை. அண்ணன் கீரை தின்றான். நெத்திலியை முள்ளோடு மென்றான். சுவரொட்டியை என் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டான். சாப்பிட்டவுடன் டீக்கடைக்குப் போவதை நிறுத்தி, மாலையில் போனான். அம்மா மீன் விற்றுத் திரும்பும்வரை கையில் காசு இல்லாததுதான் காரணம். ஆளியைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். ஆளி பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

தை மாதம் ஒருநாள் வீட்டுக்குள் ஒரு புது ஆண்குரல் கேட்டது. நைனா யார் வந்திருக்கிறார்கள் என்று எழுந்து வந்தார். அண்ணன்தான் சோறு கேட்டுக்கொண்டிருந்தான். "யம்மா" என்பதில் ஒரு எழுத்து அவனுடைய பழைய குரலிலும் மற்றது யாரோ ஒரு லாரிக்காரன் குரலிலும் வந்தது. கால்சட்டை முழங்காலுக்கு மேலே ஏறியது. கை கால்கள் முதலில் நீண்டு, உடம்பு பின்னால் வருவதாகச் சொல்லி அனுப்பியதுபோல இருந்தான். நிலைப்படியில் இடித்துக்கொள்ளவில்லை, ஆனால் இடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் குனிந்து போனான்.

அடுத்த ஆனியில் அதே குமாஸ்தா, அதே கம்பி. தகடு இறங்கியது. அவர் அண்ணனின் முடியை விரலால் அழுத்தி இன்னொரு தடவை பார்த்தார்.

"அஞ்சடி அரை."

அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். குமாஸ்தா அவள் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "எடை பாக்கணும்மா. இந்த வருஷம் புதுசு," என்றார். "எண்பத்தஞ்சு பவுண்டு இருக்கணும்."

அண்ணன் தராசு மேடையில் ஏறினான். எண்பத்திரண்டு.

வளர்வதற்கு வேண்டியதையெல்லாம் தின்ற பையன், தின்றதை முழுக்க நீளத்துக்கே செலவழித்திருந்தான். அம்மா வாயைத் திறந்தாள். கடந்த வருஷத்துக் கயிறு குமாஸ்தாவுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் பேசுவதற்குள் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் சாப்பிடப் போறேன். வந்து இன்னொரு தடவை போடறேன். முக்கால் மணி நேரம்."

இதைச் சொல்லும்போது அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே வாழைப்பழக்காரி உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் பதினொரு பழம் சாப்பிட்டான். ஏழுவரை விருப்பத்தோடு, எட்டிலிருந்து கடமையாக. பிறகு தெருக்குழாயில் வாய் வைத்துக் குடித்தான். மூச்சு விட எழுந்தபோதெல்லாம் அம்மா தலையைப் பிடித்து மறுபடியும் அழுத்தினாள். "குடி கண்ணு. இன்னும் ஒரு பவுண்டு. குடி." வாந்தி வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். வரவில்லை. தரையில் அவனுக்கு எல்லாம் ஒத்துக்கொண்டது.

மறுபடி மேடையில் ஏறியபோது முள் எண்பத்தைந்து பவுண்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. குமாஸ்தா அது நிற்கும்வரை காத்திருக்காமல் எழுதிவிட்டார். பிறகு கண் பார்த்தார்கள். காது பார்த்தார்கள். மார்பை விரிக்கச் சொல்லி நாடா பிடித்தார்கள். அண்ணன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா நெளியற?"

"ஒண்ணும் இல்ல சார்," என்றான், இரண்டு குரலில்.

வேலையில் சேர்த்துக்கொண்டதற்கு மூன்று காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவன் பள்ளிக்கூடத்தில் நிதானமாக, அழகாக எழுதுகிறவன். அன்று மூன்றும் மூன்று கோடுகளாக வந்தன. மூன்றாவது கோட்டின் முனையில் பேனாவைப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், பட்டறையின் நீளமான செங்கல் சுவரை நோக்கி ஓடினான்.

"டேய் கய்தே!" வாட்ச்மேன் தடியோடு பின்னால் ஓடினார். "சுவத்துல ஊத்தறியா? எவண்டா நீ? வேலைக்காரனா, வெளியாளா?"

"வேலைக்காரந்தான்!" என்று அண்ணன் திரும்பாமலே கத்தினான்.

அதைச் சொன்னபோது குரல் உடையவில்லை.